ஏற்காட்டுக்கு ஒரு லாரி நிழல்

ஏற்காடு
1937 ஜனவரி 20

அண்ணனுக்குத் தங்கை பழனியம்மாள் வணக்கம்.

இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. தபால்காரர் தொலைத்திருப்பார் என்று நான் என்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. மூன்றையும் வாங்கிப் படித்து, மடித்து, உத்தரத்தில் சொருகி வைத்திருப்பீர்கள். கிழித்துப் போடும் ஆள் நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் சேலம் சந்தையில் நம் ஊர் அத்தாயி அக்காளைப் பார்த்தேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு எட்டு வைத்தவள் மனசு கேட்காமல் திரும்பி வந்து, "உங்கண்ணன் காச்சல்ல படுத்து இப்பத்தான் எந்திரிச்சுருக்குது அம்மிணி. ஒத்தை ஆளாக் கஞ்சி காச்சிக் குடிச்சுக்கிட்டுக் கெடக்குது" என்றாள். அதற்குப் பிறகு நான் சந்தையில் என்ன வாங்கினேன் என்றே நினைவில்லை.

அப்பா அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தது நீங்கள். அண்ணி இறந்த பிறகு நீங்கள் மறு கல்யாணம் வேண்டாம் என்று இருந்ததும் எனக்காகத்தான். ஊருக்கு அம்மை குத்த வந்தவரோடு, அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரோடு, நான் போனது தப்பு என்று நீங்கள் நினைப்பது நினைத்தபடியே இருக்கட்டும். அதை மாற்ற எழுதவில்லை. ஆறு வருஷம் ஆகிறது. ஒரே ஒரு தடவை வந்து நான் இருக்கிற இடத்தைப் பாருங்கள். நம் கிணற்று மேட்டில் நின்று வடக்கே பார்த்தால் நீலமாகத் தெரியுமே, அந்த மலைதான். அருகே வந்தால் நீலம் இல்லை, எல்லாம் பச்சை. அவர் வேலையை விட்டுவிட்டு, தன் அம்மா வழியில் வந்த இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். வாருங்கள் அண்ணா.

பழனியம்மாள்

*

மல்லசமுத்திரம்
தாது வருஷம் தை 20

பழனியம்மாளுக்கு அர்த்தநாரி எழுதுவது.

காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தாயிக்கு வாய் நீளம். நான் காய்ச்சிக் குடிக்கும் கஞ்சி நன்றாகவே இருக்கிறது.

கடிதங்கள் உத்தரத்தில் இல்லை. நெல் குதிர் மேல் இருக்கின்றன. இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

மாசி பிறந்ததும் சேலத்தில் ஒரு மாடு பார்க்க வேண்டியிருக்கிறது. அப்படியே மலைக்கும் ஏறி இறங்குகிறேன். இரண்டு நாள் இருப்பேன். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ போன மூன்றாம் நாள், திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம்படியில் நின்று, நாலு பேரைச் சாட்சி வைத்துக்கொண்டு, இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். அந்தப் படியில் நின்று சொன்ன சொல்லைக் கோர்ட்டிலேயே ஒப்புக்கொள்கிறார்கள். ஆகையால் உன் வீட்டில் சோறு என்ன, பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன். கட்டுச்சோறு கொண்டு வருவேன். சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த மோட்டார் பஸ்ஸில் மலை இறங்கிவிடுவேன். சம்மதமானால் எழுது. எழுதாவிட்டாலும் வருகிறேன், மாடு பார்க்க வேண்டும்.

அர்த்தநாரி

*

மல்லசமுத்திரம்
தாது வருஷம் மாசி 8

அம்மிணி,

ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. மாடு வாங்கவில்லை. என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்கிறார்கள். மலையைப் பார்த்ததில் மாடு மறந்துவிட்டது என்றால் சிரிப்பார்கள். ஆகையால் உனக்கு எழுதுகிறேன். அங்கே இருந்தபோது நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. வாய் வரவில்லை.

மோட்டார் அடிவாரம் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "ஏனுங்க, கண்ணைத் தொறங்க. இன்னும் பதினஞ்சு வளைவு கெடக்குது, அத்தனைக்குமா மூடிக்குவீங்க?" என்றாள். வெட்கப்பட்டுத் திறந்தேன். திறந்த பிறகு மூட முடியவில்லை. வண்டி வளைந்து வளைந்து ஏற, நம் சீமை முழுக்கக் காலடியில் இறங்கிக்கொண்டே போயிற்று. சேலம் டவுன் ஒரு முறத்தில் அடங்கிவிடும் போல் ஆனது. காது அடைத்தது. பிறகு காற்றே வேறாகிவிட்டது. நம் ஊரில் மாசிக் காற்று என்றால் புழுதி. அங்கே ஈரமும் இலையும் ஏதோ ஒரு பூவும் கலந்து வந்தது. முப்பத்தெட்டு வருஷமாக மூச்சு விடுகிறேன், அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன்.

நம் பக்கம் மரம் என்றால் பேர் சொல்லிக் கூப்பிடலாம். கிணற்று வேம்பு, கோயில் அரசு, எல்லைப் பனை. அங்கே மரத்துக்குப் பின்னால் மரம், அதற்கும் பின்னால் மரம். துரைமார் பங்களா, வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், உங்கள் மாதா கோயில் எல்லாம் இலைக்குள் புகுந்துகொண்டு கூரையை மட்டும் காட்டுகின்றன. தெருவில் நடந்தால் மேலே வானம் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒரு ஊரே பந்தல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அம்மிணி. எந்தக் கல்யாணத்துக்கு என்றுதான் தெரியவில்லை.

அந்த ஏரியைப் பார்த்ததும் முதலில் எனக்குக் கோபம் வந்தது. அத்தனை தண்ணீர் சும்மா கிடக்கிறது. மாடு கட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்து, ஒரு சால் தண்ணீருக்கு நாக்குத் தள்ளுகிறவன் நான். அந்தக் கரையில் உட்கார்ந்துதான் என் கட்டுச்சோற்றை அவிழ்த்தேன். அப்போது மேகம் ஒன்று தண்ணீர் மேல் நடந்து வந்து என் மேல் ஏறியது. நீட்டின கை தெரியவில்லை. சோறெல்லாம் குளிர்ந்துவிட்டது. மேகத்தைப் பிசைந்து தின்ற குடியானவன் நம் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

உன் வீட்டுக்காரர் ஞானதாஸ் என்னைப் பாறை முனைக்குக் கூட்டிப்போனார். மேட்டூர்த் தண்ணீர் ஒரு கோடாக மின்னியது. "மச்சான், அங்க புகையாத் தெரியறது திருச்செங்கோட்டு மலை. அதுக்கு இந்தண்டைதான் உங்க ஊரு. பழனி வாரத்துல ரெண்டு நாளாச்சும் இங்க வந்து நின்னுட்டுப் போவா" என்றார். நீ போனதிலிருந்து இந்த மலை கண்ணில் படக்கூடாது என்று கிணற்று மேட்டில் நிற்பதையே விட்டவன் நான். நீ மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். துண்டால் கண்ணைத் துடைத்தேன். அவரிடம் காற்று அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

உங்கள் தோட்டத்தைப் பார்த்துத்தான் வயிறு எரிந்தது. இரண்டு ஏக்கரையும் மர நிழலுக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நம் வரப்பு வேம்பின் நிழலில் சோளம் முழங்காலுக்கு மேல் வந்ததுண்டா? கிளையைக் கழித்தால்தானே வெள்ளாமை? அவர் அம்மை குத்தினவர், அவருக்குத் தெரியாது. குடியானவர் வீட்டில் பிறந்த உன் புத்தி எங்கே போயிற்று? அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பூசைக்குப் போன பின் கீழ்க்கோடித் துண்டில் ஒன்பது சில்வர் ஓக் மரம், இரண்டு பலா என்று ஏறி மொட்டையாகக் கழித்துவிட்டேன். இப்போது வெயில் நன்றாக விழும். ஆறு வருஷமாக உனக்கு ஒரு சீர் செய்யவில்லை. இதைச் சீராக வைத்துக்கொள். மற்ற மரங்களையும் இதே போல் கழிக்கச் சொல்.

அர்த்தநாரி

*

ஏற்காடு
1937 மார்ச் 12

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். மேகத்தைத் தின்ற இடத்தை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். கடைசிப் பாராவை வாசிக்கவில்லை.

உடனே எழுதினால் கோபத்தில் எழுதுவேன் என்று மூன்று வாரம் பொறுத்தேன். இப்போதும் கோபம்தான். இனியும் பொறுத்தால் நீங்கள் அடுத்த முறை வந்து மிச்ச மரத்திலும் ஏறிவிடுவீர்கள்.

காப்பி நிழலில் வளரும் செடி அண்ணா. சோளம் இல்லை. மாசியிலும் பங்குனியிலும் இங்கே மழை கிடையாது. தலைக்கு மேல் இலை இருந்தால்தான் செடி கோடையைத் தாங்கும். நாங்களும் கழிப்போம். அது ஆனியில், மழை பிடித்த பிறகு, மரத்துக்கு நாலைந்து கிளை. நீங்கள் கழித்த துண்டில் தொண்ணூற்றிரண்டு செடி. பத்து வருஷத்துக்கு மேலான செடிகள். இலையெல்லாம் மஞ்சளாகி, ஓரம் கருகி, தொட்டால் நொறுங்குகிறது. பங்குனிக் கடைசியில் ஒரு மழை விழும். விழுந்த எட்டு ஒன்பது நாளில் பூ எடுக்கும். அந்தப் பூவை நம்பித்தான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. கீழ்க்கோடியில் மொட்டுகள் இப்போதே காய்ந்து உதிர்கின்றன.

அன்று பூசை முடிந்து வந்தபோது கையில் அரிவாளும் உடம்பெல்லாம் வியர்வையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்குப் பின்னால் கீழ்க்கோடியில் வெயில் கொட்டிக்கிடந்தது. வாயைத் திறக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, "ஏனுங்க மச்சான், வெயில்ல இத்தனை வேலை செஞ்சிருக்கீங்க. ஒரு வாய் மோர் குடிங்க" என்றார். தன் தோட்டம் மொட்டையாக நிற்கிறது. மனுஷர் மோர்ச் செம்போடு நிற்கிறார். நீங்கள், "மோட்டாருக்கு நேரமாச்சு" என்று துண்டை உதறிக்கொண்டு நடந்தீர்கள்.

செடி போனதற்கு நான் அழவில்லை. செடி மறுபடி வைக்கலாம். அந்த மோருக்குத்தான் அழுதேன். பெற்ற அம்மாவுக்குச் சமமான அண்ணன் என் வாசலில் வந்து, நாக்கு வறண்டு திரும்பிப் போனதை எந்த நிழலில் உட்கார்ந்து நான் மறக்க?

உங்கள் சத்தியம் உங்களுக்கு. இனி அதோடு என் வீட்டுக்கு வர வேண்டாம். வந்தால் சாப்பிடுகிறவராக வாருங்கள். இல்லாவிட்டால் கிணற்று மேட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழனியம்மாள்

*

மல்லசமுத்திரம்
தாது வருஷம் பங்குனி 2

அம்மிணிக்கு,

உன் கடிதத்தை வயலில் நின்று படித்தேன். படித்து முடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிழலில் வளரும் வெள்ளாமை ஒன்று உலகத்தில் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வெயிலோடு சண்டை போட்டும் வெயிலைக் கெஞ்சியும்தான் இங்கே பிழைப்பு. அந்த ஊர் இலையைப் பார்த்து வாய் பிளந்தவனுக்கு, அது எதற்காக இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை பார். பார்க்கப் போன இடத்தில் அரிவாளை ஏன் கையில் எடுத்தேன்? சும்மா இருந்தால் உன்னோடு பேச வேண்டியிருக்கும். பேச வராது. மரம் ஏறினேன்.

தப்பு என்னுடையது. நான் இதுவரை யாரிடமும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. ஞானதாஸிடம் சொல்லிவிடு. நேரிலும் சொல்வேன்.

மோர் விஷயம். வீம்புக்காக வேண்டாம் என்று சொன்னேன் என்று நினைக்கிறாய். சத்தியம் செய்த அன்றே சாட்சிக்கு வந்த கந்தன், "அர்த்தநாரி, இந்தப் படியில சொன்னதை மீறுனா சொன்னவனோட போகாதப்பா. யாரைப் பத்திச் சொன்னியோ அவங்களையும் பிடிக்கும்" என்றார். கோபம் ஒரு வருஷத்தில் போய்விட்டது. பயம் போகவில்லை. எனக்கு ஆவது ஆகட்டும். உனக்கு ஒன்று ஆனால்? அந்த மோர்ச் செம்பை விட்டு நான் கண்ணை எடுத்ததே பெரிய பாடு. பழையபடி உன் வாசலுக்கு வந்தால் நீ துரத்துவாய். துரத்தினாலும் வருகிறேன், வேறு வழியில்லை.

வழி ஒன்று யோசித்தேன். இங்கே வெற்றிலைக் கொடிக்கும் நாற்றுக்கும் வெயில் தாங்காவிட்டால் பனை ஓலை சாய்த்துக் கட்டுவோம். செடிக்கு மூன்று ஓலை, மேற்கே சாய்த்து இரண்டு, தலைக்கு ஒன்று. தொண்ணூற்றிரண்டு செடிக்கு முந்நூறு ஓலை வெட்டிவிட்டேன். காப்பி மூட்டையைச் சேலத்தில் இறக்கிவிட்டு வெறுமனே மலை ஏறுகிற லாரி ஒன்றைப் பேசியிருக்கிறேன். சேலம் வரைக்கும் இரண்டு மாட்டு வண்டி. "ஏனப்பா, ஏற்காட்டுக்கு நெழலு ஏத்திக்கிட்டுப் போறயாம்?" என்று ஊரே கேலி செய்கிறது. சிரிக்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மழை விழுகிற வரை இருந்து, ஒவ்வொரு செடிக்கும் குடத்தில் தண்ணீர் ஊற்றுவேன். அரிசி, பருப்பு, சட்டி எல்லாம் கொண்டு வருகிறேன். தோட்டத்து ஓரத்தில் மூன்று கல் வைத்துப் பொங்கிக்கொள்வேன். அதற்காவது விடு.

அர்த்தநாரி

*

ஏற்காடு
1937 மார்ச் 18

அண்ணா,

உங்கள் கடிதத்தை முழுதாக அவரிடம் வாசித்தேன். கந்தன் சொன்னதை நான் இதற்கு முன் அறியேன். அறிந்திருந்தால் மோரைப் பற்றி அப்படி எழுதியிருக்க மாட்டேன். என் மேல் ஒன்றும் விழாது என்று நான் எத்தனை சொன்னாலும் நீங்கள் நம்பப்போவதில்லை. ஆகையால் சொல்லவில்லை.

கேட்டுவிட்டு அவர், "மச்சான் ஊட்டுக்குள்ள வர வேண்டாம். நாம வெளிய போயிரலாம்" என்றார். நீங்கள் உங்கள் மூன்று கல்லில் உங்கள் சோற்றைப் பொங்குங்கள். நான் என் அடுப்பில் எங்கள் சோற்றை ஆக்கி வெளியே எடுத்து வருகிறேன். பலா மரத்தடியில் மூன்று இலை போடலாம். உங்கள் இலையில் உங்கள் சோறு, எங்கள் இலையில் எங்கள் சோறு. சத்தியத்துக்கு ஒன்றும் குறையாது. நீங்கள் மொட்டையடிக்காமல் விட்ட பலா ஒன்று மேற்கே இருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் வரும் ஞாயிறு எங்களுக்குக் குருத்தோலை ஞாயிறு. ஊரே ஆளுக்கு ஒரு ஓலையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றும். அந்த நேரம் பார்த்து நீங்கள் லாரி நிறைய ஓலையோடு வந்து இறங்கப்போகிறீர்கள். எங்கள் கோயில் சாமியார் உங்களைப் பெரிய பக்தர் என்று நினைத்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

வாருங்கள். கம்பளி கொண்டு வாருங்கள், போன முறை போல் சாக்குப் பையைப் போர்த்திக்கொள்ள வேண்டாம்.

பழனியம்மாள்

*

ஏற்காடு
1937 ஏப்ரல் 9

அண்ணா,

நீங்கள் போய் எட்டு நாள் ஆகிறது. ஊர் போய்ச் சேர்ந்ததாக ஒரு வரிகூட இல்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். நேற்றுக் காலை கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "பழனி, இங்க வா" என்ற குரல் ஒரு மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். தோட்டம் முழுக்க வெள்ளை. முந்தின நாள் பச்சையாக இருந்த தோட்டம் அண்ணா. ஒவ்வொரு கொம்பிலும் அடியிலிருந்து நுனி வரை இடைவெளி இல்லாமல் பூ. மல்லிகை வாசனைதான், ஆனால் அதைவிடக் கொஞ்சம் இனிப்பு. தேனீ இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை. பக்கத்து எஸ்டேட், எதிர் மலை, அதற்கும் அப்பால் எல்லாம் ஒரே நாளில் பூத்திருக்கிறது. யார் சொல்லி இத்தனை செடிக்கும் ஒரே நாளில் தெரிகிறது? ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நான் முழங்கால் போடுவது கோயிலுக்குள் அல்ல, இந்தச் செடிகளுக்கு நடுவில்தான். சாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கீழ்க்கோடிக்குப் போகப் பயந்தேன். அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். ஓலையை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தோம். முப்பத்தொரு செடி போய்விட்டது. மிச்சம் அறுபத்தொன்றுக்கும் உயிர் இருக்கிறது, புதுத் துளிர் விட்டிருக்கிறது. இருபதுக்கு மேல் பூவும் எடுத்திருக்கிறது. கொம்புக்கு ஒரு கொத்து, இரண்டு கொத்து. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் காய்ந்த பனை ஓலைக்கு அடியில் குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்தபோது அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன். அவர், "இது மல்லசமுத்திரத்து நெழல்ல பூத்தது. தனியாப் பறிச்சுத் தனியா வறுக்கணும்" என்றார்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

பத்து நாள் நாம் மூவரும் பலா மரத்தடியில் சாப்பிட்டோம். உங்கள் சோற்றுக்கும் எங்கள் சோற்றுக்கும் நடுவில் ஒரு முழம் இடம். நீங்கள் குடம் குடமாய் ஏரித் தண்ணீர் சுமந்து தோள் காய்த்துப்போய், ஒரு நாள்கூட அந்த ஒரு முழத்தைத் தாண்டவில்லை. பத்தாம் நாள் புதன்கிழமை உங்கள் உலை கொதிக்கிற நேரம் மழை பிடித்ததே! நீங்கள் அரிசிப் பானையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு செடிகளுக்கு நடுவில் ஓடினதைச் சாகும் வரை மறக்க மாட்டேன். அவரும் கூட ஓடினார். இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் கத்தினீர்கள். உங்கள் அடுப்பு அணைந்து, அரிசி மண்ணில் கலந்து போயிற்று. தெப்பமாக நனைந்து உள்ளே வந்து உட்கார்ந்தீர்கள். ஒன்றும் கேட்காமல் இலை போட்டுப் பரிமாறினேன். சாப்பிட்டீர்கள்.

மறுநாள் முதல் மோட்டாருக்கு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டீர்கள். அவர் கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. நான் பரிமாறியது தப்பா? உங்களை நான் பொய்யராக்கிவிட்டேனா? எனக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கிறேன். சத்தியம் உறுத்தினால் சாமியிடம் மழைமேல் பழியைப் போட்டுவிடுங்கள். இல்லை, என்மேல் போடுங்கள். ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதீர்கள் அண்ணா. இன்னொரு ஆறு வருஷம் என்னால் முடியாது.

பழனியம்மாள்

*

மல்லசமுத்திரம்
ஈஸ்வர வருஷம் சித்திரை 2

அம்மிணி,

பூ எடுத்த செய்தி வருஷப் பிறப்பு அன்று வந்தது. கிணற்று மேட்டில் நின்றுதான் படித்தேன். மலை இங்கிருந்து எப்போதும் போல் நீலமாகத்தான் தெரிகிறது. உள்ளே அத்தனை வெள்ளையை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நிற்கிறது. அந்த மலைக்கு எத்தனை அடக்கம்! கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்துக் காட்டுப் பொன்னாயி, "அங்க என்ன சாமி வந்துருக்குது, வடக்கப் பாத்துக் கும்புடறீங்க?" என்றாள். என் தங்கச்சி ஊர் என்று சொன்னேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம் தங்கச்சி என்று சொன்னேன்.

உன் முகத்தைப் பார்க்காமல் வந்தது கோபத்தால் இல்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். மாப்பிள்ளை முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. அவர் கூப்பிட்டது காதில் விழுந்தது. மன்னிக்கச் சொல்.

சேலத்தில் இறங்கி ஊருக்கு வராமல் நேராகத் திருச்செங்கோடு போகத்தான் நினைத்தேன். ஆனால் சத்தியத்தைச் சாட்சி வைத்துச் செய்தால், தீர்ப்பதற்கும் சாட்சி வேண்டும். அன்று வந்த நாலு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். மற்ற மூன்று பேரையும் தேடிப் பிடித்து, அறுவடை முடியும் வரை காத்திருந்து, நேற்று முன்தினம் கூட்டிக்கொண்டு மலை ஏறினேன். அதுதான் கடிதம் எழுதாத காரணம். தீர்க்காமல் உனக்கு எழுதக் கை வரவில்லை.

வழியெல்லாம் கந்தன் எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார். "அர்த்தநாரி, சூட்சுமமாப் பேசு. நீ விரும்பிப் போகலை, மழை புடிச்சுத் தள்ளிருச்சுன்னு சொல்லு. மழை சாமி பெய்ய வெச்சது. அப்பறம் அதுக்கு எப்படிக் கோவம் வரும்?" என்றார். மற்ற இரண்டு பேரும் அதுதான் சரி என்றார்கள். நீயும் அதையேதான் எழுதியிருக்கிறாய். எல்லோருக்கும் ஒரே மாதிரி புத்தி.

படியில் ஏறி நின்றேன். வெயில் சுட்டது. கந்தன் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்தப் படியில் நின்று ஒரு தடவை கோபத்தில் பேசியாயிற்று, இன்னொரு தடவை தந்திரமாகப் பேச வேண்டாம் என்று தோன்றியது. நடந்ததைச் சொன்னேன்.

சாமி, மழை வந்ததால் உள்ளே போனேன், அது மழை செய்தது. இலை போட்டாள், சாப்பிட்டேன், அது பசி செய்தது. பிறகு மழை நின்றுவிட்டது. வெயில் வந்து வாசலில் விழுந்தது. வெளியே போய்விடலாம், யாரும் தடுக்கவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடு அம்மிணி என்று இலையை நகர்த்தினேன். அதை நான் செய்தேன். தண்டனை உண்டென்றால் இலையை நகர்த்தின அந்த ஆளுக்குக் கொடு, பரிமாறினவளை விட்டுவிடு என்றேன். சாட்சிகள் மூவரும் சத்தியம் தீர்ந்தது என்றார்கள்; ஆனியில் கிளை கழிக்க வருவேன், எனக்கும் சேர்த்து உலை வை.

அண்ணன்
அர்த்தநாரி